சரிசெய்யக்கூடிய லேப்டாப்புக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா?

மகள் செப்டம்பரில் பல்கலைக்கழகம் போகிறாள். கடையில் 2,300 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மெல்லிய லேப்டாப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். மைத்துனரோ, "5,500 வெள்ளி ஆனாலும் பரவாயில்லை, பாகம் பாகமாகக் கழற்றி மாற்றுகிற ஃபிரேம்வொர்க் லேப்டாப் வாங்குங்கள், பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்கிறார். வீடு பேராக்கில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், தோட்டத்துக்குள். இரண்டில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, நாலாம் வருஷம் அது பழுதாகும்போது எந்தப் பாகம் வேண்டும், அது எங்கிருந்து வரும், யார் மாட்டுவார், எவ்வளவு ஆகும் என்பதுதான். அதை வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு மாணவிக்காக 5,500 போடுவது பணக் கணக்கில் கட்டாது. ஆனால் அந்த 2,300 வெள்ளி லேப்டாப்பையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்ல மாட்டேன். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கணக்கு. 2,300 வெள்ளி இயந்திரம் எதையும் மாற்றாமல் நாலு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 575 வெள்ளி. 5,500 வெள்ளி இயந்திரத்துக்கு இடையில் ஒரு பேட்டரி, ஒரு பெரிய எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) என்று 600 வெள்ளி சேர்த்தால் 6,100. வருஷத்துக்கு அதே 575 ஆக வேண்டுமென்றால் பத்தரை வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும். பேட்டரி, எஸ்.எஸ்.டி. செலவு என் மதிப்பீடு, கொஞ்சம் ஏறி இறங்கலாம். ஆனாலும் எட்டு வருஷத்துக்குக் கீழே இந்தக் கணக்கு சமமாகாது. பத்து வருஷம் ஓடாது என்று சொல்லவில்லை, ஓடும். ஆனால் பத்து வருஷம் பழைய பிராசசர் அப்போதைய விண்டோஸுக்கு ஒத்துப்போகுமா என்பது வேறு கேள்வி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபோது, இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசசர் வைத்த லேப்டாப்புகளில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலுக்கு வெளியே நின்றன. அதற்கு ஸ்க்ரூ டிரைவரில் மருந்து கிடையாது.

ஃபிரேம்வொர்க் நிறுவனம் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது, அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2021-இல் வந்த அவர்களின் 13 அங்குல மாடலின் அதே உடம்பில் 2025-இல் வந்த மெயின்போர்டையும் (பிராசசர் உட்கார்ந்திருக்கும் முக்கியப் பலகை) பூட்டலாம். எனக்குத் தெரிந்து வேறு எந்த நிறுவனமும் இத்தனை தலைமுறைக்கு இதைச் செய்து காட்டவில்லை. முதல் மாடலின் மூடி கொஞ்சம் வளைகிறது என்று குறை வந்தபோது, பிறகு வந்த கெட்டியான மூடியைத் தனிப் பாகமாக விற்றார்கள். பழைய இயந்திரத்திலேயே அது பொருந்தியது. பெட்டிக்குள் ஸ்க்ரூ டிரைவரும் வரும். ஆனால் பலர் மறந்துவிடுகிற ஒன்று: ஆரம்பகால இன்டெல் போர்டுகள் டி.டி.ஆர்.4 வகை ரேம் (தற்காலிக நினைவகம்) எடுக்கும், பிந்தியவை டி.டி.ஆர்.5 எடுக்கும். போர்டை மாற்றினால் ரேமையும் புதிதாக வாங்க வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். போர்டு விலையும் சில்லறை இல்லை, ஒரு புது சாதாரண லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் தூரம். ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரை நாட்டில் எந்தச் சின்னப் பட்டணத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் பிரேக் ஷூவும் செயினும் அன்றைக்கே கிடைக்கும். அதனால்தான் அது முப்பது வருஷம் ஓடுகிறது, பிரித்து மாட்டச் சுலபம் என்பதால் மட்டும் இல்லை. லேப்டாப்புக்கும் அதே கதைதான். ஃபிரேம்வொர்க், தான் எந்தெந்த நாடுகளில் நேரடியாக விற்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் அதில் மலேசியா இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பட்டியலில் இல்லாமல், வெளிநாட்டில் யாரிடமாவது சொல்லியோ இடைத்தரகர் வழியாகவோ வரவழைத்தால், உத்தரவாதத்தை இங்கே இருந்து கேட்டு வாங்குவது பெரும்பாடு. பேட்டரி இன்னும் சிக்கல். தனி லித்தியம்-அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளர் சிலர் அனுப்பவே மாட்டார்கள், அனுப்பினாலும் வாரக்கணக்கில் ஆகும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து 500 வெள்ளிக்குள் வாங்கும் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய வாரத்தில் இதெல்லாம் நடந்தால் மகளின் கதி என்ன என்று யோசியுங்கள்.

இனி, எது முதலில் கெடும் என்பதற்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் எந்த மாடலையும் கடையில் வைத்தே எடை போட்டுவிடலாம்.

நிச்சயமாகக் கெடுவது பேட்டரி. பெரும்பாலான லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு ஆரம்பக் கொள்ளளவில் எண்பது விழுக்காட்டுக்கு இறங்கும். மின்விசிறி மட்டும் உள்ள அறையில், நாள் முழுக்கச் சார்ஜரில் செருகியே 100 விழுக்காட்டில் வைத்திருந்தால் அதற்கு முன்னாலேயே இறங்கும். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் லித்தியத்துக்கு ஆகாது. லெனோவோ, டெல், எச்.பி., ஆசுஸ் ஆகியவற்றின் பல மாடல்களில் எண்பதோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள், காசு செலவில்லாத பராமரிப்பு இது. மாற்றும்போது பார்க்க வேண்டியது, பேட்டரி ஸ்க்ரூ போட்டுப் பூட்டியதா, பசை வைத்து ஒட்டியதா என்று. விண்டோஸ் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஸ்க்ரூதான், பத்து பதினைந்து நிமிட வேலை. இன்னொன்று: பின்னால் தேவைப்படும் என்று இப்போதே ஒரு பேட்டரி வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். உபயோகிக்காமல் கிடந்தாலும் அது வயதாகிக்கொண்டே போகும். வாங்கும்போதும் தயாரித்த தேதியைக் கேளுங்கள். டச்பேட் மேலே எழும்பி, அழுத்தினால் சொடுக்காமல் இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். குத்தவோ அமுக்கவோ கூடாது, குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது.

அடுத்தது ஹிஞ்ச், அதாவது மூடியைத் தாங்கும் கீல். 2,000 வெள்ளி வட்டத்தில் இருக்கும் மெல்லிய லேப்டாப்புகளைப் பெரும்பாலும் இதுதான் கொல்கிறது. உள்ளே பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்களைப் பதித்து, அவற்றில்தான் கீலை முடுக்கியிருப்பார்கள். நாள்பட நாள்பட கீல் இறுகும், மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கத் தூக்கப் பிளாஸ்டிக் விண்டு பித்தளை பிய்த்துக்கொண்டு வரும். மூடியைத் திறக்கும்போது கீலுக்குப் பக்கத்தில் மேல்தட்டும் அடித்தட்டும் பிரிந்து ஒரு இடைவெளி தெரிந்தால் ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகும் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் திரைக் கேபிளும் சேர்ந்து அறுபடும். முறையான வழி, கீபோர்டு பதிந்திருக்கும் மேல்சட்டம் முழுவதையும் மாற்றுவது. கடைகளில் எப்பாக்ஸி ஊற்றிப் பித்தளையைத் திரும்பப் பதிப்பார்கள். அது எவ்வளவு நாள் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, கைப்பக்குவத்தைப் பொறுத்தது. நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லி மகளுக்குப் பழக்கிவிடுங்கள்.

கீபோர்டில் விலை வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மலிவு மாடல்களில் கீபோர்டைப் பிளாஸ்டிக் முனைகளை உருக்கி மேல்சட்டத்தோடு ஒட்டியிருப்பார்கள், டஜன் கணக்கில் இருக்கும். ஒரு கப் மைலோ கொட்டினால் அந்த முனைகளை ஒவ்வொன்றாக உடைத்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் மேல்சட்டத்தோடு சேர்த்து வாங்க வேண்டும். அலுவலக வகை லேப்டாப்புகளில் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கீபோர்டு தனியாக வந்துவிடும். தோட்டப் பக்கத்தில் இதற்கு இன்னொரு எதிரி எறும்பு. ரொட்டித் துகள், இனிப்பு, உள்ளே இருக்கும் இளஞ்சூடு மூன்றும் சேர்ந்தால் கீபோர்டுக்கு அடியில் குடியேறிவிடும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை இரவு முழுக்க வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். செம்மண் பாதையில் லாரி போகிற வீடுகளில் ஃபேனும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வருஷம் ஒருமுறை அடித்தட்டைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷால் தூசி எடுக்க வேண்டும். பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் போய்விடும்.

சார்ஜ் துளை அடுத்தது. யு.எஸ்.பி.-சி துளை பல மாடல்களில், விலை உயர்ந்த சிலவற்றிலும்கூட, மெயின்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். ஆடிப்போனால் நுண்சோல்டரிங் தெரிந்தவரிடம் போக வேண்டும், அதற்கு ஈப்போ வரை போகவேண்டியிருக்கும். சிலதில் அது தனிச் சின்னப் போர்டில் இருக்கும், இல்லையென்றால் வயரோடு கூடிய பழைய வட்டத் துளையாக இருக்கும். அப்படியானால் உள்ளூர்க் கடையிலேயே முடிந்துவிடும். ஃபிரேம்வொர்க்கில் வெளியே தெரிவது கழற்றி மாற்றக்கூடிய சின்னப் பெட்டிதான், தேய்மானம் முழுக்க அதற்குப் போகும். இது நல்ல யோசனை, மற்றவர்களும் காப்பியடிக்கலாம்.

ரேம் கெடுவது அபூர்வம், ஆனால் போதாமல் போவது நிச்சயம். மெல்லிய லேப்டாப்பில் 8 ஜி.பி. ரேமை போர்டில் பற்றவைத்து, கூடுதல் ஸ்லாட்டும் இல்லையென்றால், அதன் ஆயுளை வாங்கிய நாளிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். வடிவம் (ஃபார்ம் ஃபேக்டர்) என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. 'சோடிம்' என்று இருந்தால் கழற்றலாம். எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை காலி என்பதும் அங்கேயே தெரியும். பற்றவைத்ததுதான் வேண்டும் என்றால் 16 ஜி.பி.க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

இடி மின்னலைச் சொல்லாமல் விடக் கூடாது, உலகத்தில் அதிகமாக மின்னல் விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. மின்னலால் மெயின்போர்டு போனால், சரிசெய்யக்கூடிய லேப்டாப்பாக இருந்தாலும் விலையில் பாதிக்குக் கிட்டத்தட்ட போர்டுக்கே போய்விடும். சரிசெய்ய முடியும் என்பதும் மலிவாகச் சரிசெய்ய முடியும் என்பதும் ஒன்றில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் சார்ஜரைப் பிடுங்குங்கள். மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு லான் கேபிள் போட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பிடுங்குங்கள், அந்த வழியாகவும் வரும்.

இப்போது மூன்றாவது வழி. அலுவலகங்கள் மூன்று நாலு வருஷம் உபயோகித்துவிட்டுக் கழிக்கிற லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்.பி. எலிட்புக் ரகங்கள். இவற்றைப் பிரித்து மாட்டும் முழுக் கையேட்டை நிறுவனங்களே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விற்றவை என்பதால் கழித்த இயந்திரங்களின் பாகங்களும் சந்தையில் நிறைய. லேட்டிட்யூட் 5420-இலும் எலிட்புக் 840 ஜி8-இலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். திங்க்பேட் டி14 முதல் இரண்டு தலைமுறையிலும் ஒன்று பற்றவைத்தது, ஒன்று ஸ்லாட். அதே திங்க்பேட் பெயரில் வரும் எக்ஸ்1 கார்பனில் ரேம் முழுக்கப் பற்றவைத்தது, பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 2018-இல் வந்த டி480-ஐ இன்னும் பலர் சிபாரிசு செய்வார்கள். எட்டாம் தலைமுறை பிராசசர் வைத்தவை விண்டோஸ் 11 ஏற்கும், வெளிப் பேட்டரியைக் கிளிப்பைத் தள்ளியே கழற்றலாம். ஆனால் அதன் தண்டர்போல்ட் (வேகமான யு.எஸ்.பி.-சி துளை) ஃபர்ம்வேர், அதாவது அந்தத் துளையை இயக்கும் உள் மென்பொருள், பழைய பதிப்பில் இருந்தால் நாளடைவில் அந்தத் துளை செத்துவிடும், வாங்கியதும் முதல் வேலையாக அதைப் புதுப்பிக்க வேண்டும். புதிதாகப் படிக்கப் போகிறவளுக்கு இன்டெல் பதினோராம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. 1,500 வெள்ளிக்கு ஒன்றை வாங்கி, புதுப் பேட்டரியும் ரேமும் 500 வெள்ளிக்குப் போட்டு ஐந்து வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு 400 வெள்ளி.

பழையதில் பணம் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள். அங்கே சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள், திங்க்பேடில் அதற்கு நிறுவனம் சொல்லும் தீர்வே மெயின்போர்டு மாற்றுவதுதான். விண்டோஸைப் புதிதாக ரீசெட் பண்ணி, வைஃபை இணைத்து, ஆரம்ப அமைப்பை உங்கள் கண் முன்னாலேயே முடிக்கச் சொல்லுங்கள். இடையில் ஏதோ ஒரு கம்பெனி பெயரைக் காட்டி அந்தக் கம்பெனி மின்னஞ்சலைக் கேட்டால், பழைய முதலாளியின் நிர்வாகப் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லி, வடிவமைத்த கொள்ளளவையும் இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். 50 வாட்-ஹவர் பேட்டரி 32-க்கு இறங்கியிருந்தால் 64 விழுக்காடு, அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். வெள்ளைத் திரை வைத்து மங்கல், புள்ளி பாருங்கள். ஒவ்வொரு கீயையும் தட்டுங்கள்.

புதியதோ பழையதோ, மாடல் எண்ணை வைத்து ஷாப்பி, லாஸாடா போன்ற இணையக் கடைகளில் அதன் பேட்டரி, கீபோர்டு, ஹிஞ்ச், ஃபேன் நான்கையும் தேடுங்கள். உள்நாட்டிலிருந்தே அனுப்பும் விற்பனையாளர் மூன்று பேராவது ஒவ்வொன்றுக்கும் இருந்தால் அது நம் ஊருக்குச் சரிசெய்யக்கூடிய லேப்டாப். மதிப்பெண் பட்டியல்களும் உதவும். பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று சரிசெய்யும் தகுதி மதிப்பெண் போட்டே விற்க வேண்டும். ஆனால் அதில் பாகம் கிடைப்பதற்கான மதிப்பெண் அந்த ஊர் நிலவரத்துக்கு, பேராக்குக்கு இல்லை.

நீங்களே கை வைக்கத் தயார் என்றால் வேண்டியது பி.எச்.0, பி.எச்.00, டி5 முனை ஸ்க்ரூ டிரைவர்கள், பழைய கித்தார் பிக் போல ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். சார்ஜரைப் பிடுங்கி, திங்க்பேடாக இருந்தால் பயாஸில் உள் பேட்டரியை முடக்கி, அடித்தட்டைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிய ஸ்க்ரூக்களை அட்டையில் லேப்டாப் படம் வரைந்து அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முடுக்கினால் மேல்சட்டத்தையோ போர்டையோ துளைத்துவிடும். முதல்முறை பிரிப்பவர்கள் செய்யும் தவறில் அதிக விலை கொடுக்க வைப்பது இதுதான்.

5,500 வெள்ளி யாருக்குக் கட்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பொறியியலோ கட்டடக் கலையோ படித்து அடிக்கடி பிராசசரை மேம்படுத்தத் தேவைப்படுகிறவர்களுக்கு. ஒரே இயந்திரம் அக்காவிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து தங்கைக்கு என்று இறங்கும் வீட்டுக்கு, அங்கே பழைய போர்டைத் தனிக் கணினியாகக் கூட ஓட்டலாம். அடுத்து, மின்கழிவு சேரக் கூடாது என்ற கொள்கைக்காகக் கூடுதல் காசு கொடுக்க மனமுள்ளவர்களுக்கு. அது பணக் கணக்கில் வராது, ஆனால் நியாயமான காரணம். அந்த நிறுவனம் 2035-இலும் பாகம் விற்குமா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, இதுவரை வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

எதை வாங்கினாலும் பெயர், மாடல் எண், தேதியோடு ரசீது கேட்டு வாங்குங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவுப்படி, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்ய உற்பத்தியாளரும் விற்பனையாளரும் கடமைப்பட்டவர்கள். அப்படிக் கிடைக்காது என்று விற்கும்போதே தெரிவித்திருந்தால் தப்பித்துக்கொள்வார்கள், அதனால் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தையும் படியுங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வருமான வரி கட்டுகிறவராக இருந்தால், பிள்ளைக்கு வாங்கும் கணினியும் வாழ்க்கைமுறைக் கழிவில் வரும். ஆனால் புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்தே அதற்கு வருஷத்துக்கு 2,500 வெள்ளிதான் உச்சவரம்பு, 5,500 வெள்ளி லேப்டாப்பானால் மிச்சம் 3,000 வெள்ளிக்கு வரிக் கழிவு ஒன்றும் கிடைக்காது.